ஒத்தைக் கூப்பாடு

வாங்க சார், வாங்க. செருப்பு வெளியவே கிடக்கட்டும், யாரும் தொட மாட்டாங்க. புரோக்கர் செல்வின் காலையிலயே சொன்னான், பேங்க்காரர் ஒருத்தர் மாத்தலாகி கோவில்பட்டிக்கு வந்திருக்காரு, மாடியைப் பாக்க வருவாருன்னு. ரொம்ப நேரமா நிக்கீங்களா? பெல் எத்தனை தடவை அடிச்சீங்க? ஒரு தடவைதான? அதான் விஷயம். ஒரு தடவை அடிச்சா நான் எந்திரிக்க மாட்டேன் சார். தப்பா எடுத்துக்கிடாதீங்க, பழகிப்போச்சு. ரெண்டாம் தடவை அடிச்சாத்தான் வாசல்ல ஆள் நிக்கிறதா எனக்குக் கணக்கு. நல்லவேளை, நீங்க கதவைத் தட்டுனீங்க.

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், இதுல உக்காருங்க. சாவி இந்தா இருக்கு, மாடியை அப்புறம் காட்டுதேன். அதுக்கு முன்னால ஒரு விஷயம் சொல்லிரணும். இதுக்கு முன்னால ரெண்டு குடும்பம் வந்து பாத்தாக. பிடிச்சிருக்கு, வெள்ளிக்கிழமை வந்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் பால் காய்ச்சிருதோம்னு சொல்லிட்டுப் போனாக. போனவுக போனவுகதான். பக்கத்து வீட்ல ஏதோ ஓதியிருக்காக. அவுக சொல்லி நீங்க கேக்குறதுக்கு நானே சொல்லிட்டேன்னா வம்பு இல்ல பாருங்க.

அது என் ஃபோன்தான் சார். அடிக்கட்டும், அடிக்கட்டும். மகள். முத்தரசின்னு பேரு, ஓசூர்ல இருக்கா. நின்னுருச்சு பாத்தீங்களா? முக்கியம்னா திரும்பக் கூப்பிடுவா, அப்போ எடுத்துக்கிடலாம். மாசமா இருக்கா, தலைப்பிரசவம். இன்னும் நாள் கிடக்குன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக. மாப்பிள்ளைக்கு ஷிப்டு வேலை, இந்நேரம் வீட்ல இருக்க மாட்டாரு. பொழுது போகலைன்னா இப்படித்தான் ஒரு ரிங் விடுவா.

எங்க விட்டேன்? ஆங், மாடி. மாடியில ரெண்டு பெரிய ரூம், அடுப்படி, எல்லாம் உங்களுக்கு. தெக்குப் பக்கமா ஒரு சின்ன ரூம் இருக்கு, அது மட்டும் பூட்டியிருக்கும். உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் எந்நேரமும் ஓடிக்கிட்டு இருக்கும். அதுக்கு ஆகுற கரண்டை நான் பாத்துக்கிடுதேன். நீங்க மெயின் சுவிட்ச்சை மட்டும் நிறுத்தப்படாது, அவ்வளவுதான். அப்புறம், அந்த ரூம்ல இருந்து ஒரு சத்தம் வரும். பொம்பளைக் குரல். "ஏங்க"ன்னு வரும். ஒரே ஒரு தடவை வரும், நின்னுரும்.

எந்திரிக்காதீங்க சார், உக்காருங்க. பேயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ப்ரோக்ராம். நான் எழுதுன ப்ரோக்ராம். நீங்க படிச்சவுக, சொன்னா புரிஞ்சுக்கிடுவீங்க.

எனக்கு அதான் தொழில். இங்கன உள்ள தீப்பெட்டி ஆபீஸ்ல பாதிக்கு மேல என் ப்ரோக்ராம்தான் ஓடுச்சு. ஆபீஸ்னா நீங்க நினைக்கிற ஆபீஸ் இல்ல, இந்த ஊர்ல தீப்பெட்டி செய்யுற இடத்தையே ஆபீஸ்னுதான் சொல்லுவோம். அங்க மருந்து முக்குற ரூம் ஒரு கோடியில இருக்கும், பெட்டியில அடைக்கிற ரூம் இன்னொரு கோடியில இருக்கும். நெருப்புப் பயம், பக்கத்துல வைக்க முடியாது. குச்சியை அடுக்கி மருந்துல முக்குன மரச்சட்டம் காஞ்சு வந்தா, அடைக்கிற ரூமுக்குத் தகவல் போகணும். முன்னாடி ஒரு ஆள் ஓடுவான். நான் வந்து ரெண்டு ரூம்லயும் ஒவ்வொரு கம்ப்யூட்டர் வச்சேன். இந்தப் பக்கம் பதிஞ்சா அந்தப் பக்கம் டிங்னு சத்தம் வரும். ஆள் ஓடுற வேலை அத்தோட நின்னுச்சு.

இதை எழுதுறதுக்கு ரெண்டு வழி இருக்கு சார். ஒண்ணு, அந்தப் பக்கத்து மிஷின் சும்மா சும்மா போய் டேட்டாபேஸ்கிட்ட, அதான் பதியுறதெல்லாம் போய்ச் சேருற இடத்துக்கிட்ட, கேக்கும். ஏதாச்சும் வந்துச்சா, ஏதாச்சும் வந்துச்சா, ஏதாச்சும் வந்துச்சா. நச்சரிப்பு. ஊர்ல உள்ளவன் எல்லாம் அப்படித்தான் எழுதுவான், ஏன்னா அது சுலபம். நான் எழுத மாட்டேன். எனக்கு அது பிச்சைக்காரன் வேலை மாதிரி தோணும். இன்னொரு வழி, ஒரு தடவை போய் டேட்டாபேஸ்கிட்ட பேரு குடுத்துட்டு வந்துரணும். "இன்னது நடந்தா எனக்குச் சொல்லு." அவ்வளவுதான். அப்புறம் நாம பாட்டுக்கு நம்ம வேலையைப் பாக்கலாம். நடந்தா அதுவே கூப்பிடும். நாம எந்த வேலையில இருந்தாலும் கூப்பிடும். அந்தக் கூப்பாட்டைப் பிடிச்சு, செய்யுற வேலை கெடாம, சத்தமா மாத்திக் குடுக்கணும். அதுலதான் கெட்டிக்காரத்தனம் இருக்கு. மார்தட்டிச் சொல்லுதேன் சார், இந்தச் சுத்துப்பட்டுல அதை என்னை மாதிரி எழுதுனவன் கிடையாது.

வீட்லயும் எனக்கு அதே வழிதான். கல்யாணம் ஆன புதுசுலயே செம்பகத்துக்கிட்ட சொல்லிட்டேன். செண்பகவல்லின்னு பேரு, கோயில் அம்மன் பேரு, வீட்ல செம்பகம். "ஏதாச்சும்னா நீ சொல்லு, உடனே வாரேன். நானா வந்து வந்து என்ன வேணும், ஏது வேணும்னு கேக்க மாட்டேன். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது." அவளும் சரின்னா. சிரிச்சா. அவளுக்கு எல்லாத்துக்கும் ஒரு சிரிப்பு உண்டு, அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேட்டது கிடையாது.

இப்போ இந்த டேட்டாபேஸ் கூப்பிடுது பாருங்க, அது நாம குடுத்த பேரை மட்டும்தான் சொல்லும். என்ன நடந்துச்சு, எந்தச் சட்டம், ஒண்ணும் சொல்லாது. நாமதான் எந்திரிச்சுப் போய்ப் பாக்கணும். செம்பகமும் அப்படித்தான். மாடிப்படிக்குக் கீழ நின்னு "ஏங்க"ன்னு ஒரு குரல். அவ்வளவுதான். காப்பி ஆறுதுன்னாலும் ஏங்கதான், அவ அப்பா செத்துப்போனாருன்னு தந்தி வந்தப்பவும் ஏங்கதான். இறங்கிப் போய்ப் பாத்தாத்தான் எதுன்னு தெரியும். அதுவும் ஒரு தடவைதான் கூப்பிடுவா. ரெண்டாம் தடவை கூப்பிடுற வழக்கமே அவகிட்ட இல்ல. கூப்பிட்டுட்டு அங்கனயே நிப்பா. நான் கையில உள்ளதை முடிச்சுட்டு மெதுவா இறங்குனா, அப்படியே கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. எனக்கே சில சமயம் எரிச்சலா வரும், இன்னொரு தடவை கூப்பிட்டா என்ன குறைஞ்சுபோகும்னு.

இந்த முதல் கூப்பாடு இருக்கு பாருங்க, அதுல ஒரு சூட்சுமம் இருக்கு சார். கேளுங்க, அப்போதான் மத்தது புரியும். டேட்டாபேஸ்ல போய்ப் பேரு குடுத்தோம்னா, குடுத்த உடனே அது ஒரு தடவை கூப்பிடும். ஒண்ணுமே நடந்திருக்காது. "சரி, உன் பேரைப் பதிஞ்சுக்கிட்டேன், இதுவரைக்கும் கணக்கு இவ்வளவு"ன்னு சொல்லுறதுக்காக வர்ற கூப்பாடு அது. பொய்க் கூப்பாடு. நம்மளுக்குத் தெரியலைன்னா சட்டம் வந்துருச்சுன்னு ஆள் எந்திரிச்சுப் போவான், அங்க ஒண்ணும் இருக்காது. கரண்ட் போயிட்டு வந்தா மறுபடி பேரு குடுக்கணும், மறுபடி ஒரு பொய்க் கூப்பாடு. அதனால விவரம் தெரிஞ்சவன் என்ன செய்வான்னா, பேரு குடுத்ததும் வர்ற முதல் கூப்பாட்டைத் தூக்கி எறியணும்னு ஒரு வரி எழுதிருவான். நானும் எழுதுனேன்.

எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எங்க அம்மா சொல்லிச் சொல்லி வளத்ததும் இதேதான். வெளிய இருந்து யாராச்சும் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டா "ஏன்"னு கேட்டுறப்படாது. பேய் ஒரு தடவைதான் கூப்பிடும், மனுஷன்னா திரும்பக் கூப்பிடுவான். உங்க வீட்லயும் சொல்லியிருப்பாகளே? சொல்லியிருப்பாக. எல்லா வீட்லயும் சொல்லுவாக. கம்ப்யூட்டர் படிச்சவனுக்கும் எங்க அம்மாவுக்கும் ஒரே புத்திதான்னு செம்பகத்துக்கிட்டச் சொன்னேன். அவ அதுக்கும் சிரிச்சா.

அப்புறம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சது. படி ஏற முடியலை. சத்தமாக் கூப்பிட்டாலும் இரைக்கும். ஒரு நாள் "நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுதுங்க"ன்னா. ஒரு தடவை சொன்னா. வாயுவா இருக்கும், இன்னொரு தடவை வந்தாச் சொல்லு, டாக்டர்கிட்டப் போவோம்னேன். அப்புறம் அவ சொல்லலை. சரியாப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். சொல்லலைன்னா அப்படித்தான நினைக்கணும்?

ஆனா படி ஏறாம என்னைக் கூப்பிடணுமே. அதுக்கு ஒரு வழி பண்ணுனேன். கீழ, இந்தா அந்த மூலையில, அடுப்படிக்குப் பக்கத்துல, அவளுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் வச்சேன். துணி போத்தி வச்சிருக்கேன் பாருங்க, அதான். அதுல ஒண்ணுமே கிடையாது, ஸ்க்ரீன் முழுக்க ஒரே ஒரு பட்டன். பட்டன்ல "ஏங்க"ன்னு எழுதியிருக்கும். அமுக்குனா மேல என் மிஷின்ல சத்தம் வரும். டிங்னு வச்சா நல்லா இருக்காதுன்னு அவளையே ஒரு தடவை மைக்ல சொல்லச் சொல்லி, அவ குரலையே பதிஞ்சு போட்டேன். "மிஷின் வழியா ஏங்கன்னு கூப்பிடணுமாக்கும்"னு வெக்கப்பட்டா. பதியும்போது சிரிப்பை அடக்கிக்கிட்டுத்தான் சொன்னா. அது குரல்ல தெரியும், நீங்க கேட்டா உங்களுக்கும் தெரியும்.

அதுல ஒரு நல்ல ஏற்பாடு பண்ணியிருந்தேன் சார். ஒரு தடவை அமுக்குனா பட்டன் சாம்பல் கலராயிரும், "சொல்லியாச்சு"ன்னு வரும். அப்புறம் அமுங்காது. மேல நான் பாத்துட்டு ஓகே போட்டாத்தான் அதுக்குத் திரும்ப உயிர் வரும். இல்லைன்னா ஜனங்க என்ன செய்வாகன்னா, ஒண்ணையே நாலு தடவை, அஞ்சு தடவை அமுக்கிக்கிட்டு இருப்பாக. தீப்பெட்டி ஆபீஸ்ல அதுல பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதான் அப்படி வச்சேன்.

நல்லாத்தான் ஓடுச்சு. இனிமே படிக்குக் கீழ நின்னு கூப்பிடாத, மேல நான் கஸ்டமர்கிட்டப் பேசிக்கிட்டு இருப்பேன், எதுன்னாலும் மிஷின்ல அமுக்குன்னு சொல்லிட்டேன். அவளும் அப்படியே செஞ்சா. சொன்னபடி செய்யுறதுல அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த வருஷம் ப்ரோக்ராம்ல ஒரு பாகத்தை மாத்துனேன். டேட்டாபேஸ்கிட்டப் பேரு குடுக்குற பாகம் அது, நாம எழுதுறது இல்ல, வெளிய இருந்து வாங்கி மாட்டுறது. பழசு ரொம்பப் பழசாப்போச்சுன்னு புதுசு வாங்கி எல்லா இடத்துலயும் மாட்டுனேன். வீட்லயும் மாட்டுனேன். அடுத்த மாசமே அய்யாத்துரை ஃபோன் பண்ணுனான். ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுறவன். "அண்ணாச்சி, கரண்ட் போயிட்டு வந்தா முதல் சட்டத்துக்குச் சத்தம் வர மாட்டேங்கு. ரெண்டாவதுக்கு வருது"ன்னான். சரி பாக்குதேன்னேன். அவன் திரும்பக் கூப்பிடலை. பெருசா இருந்தாக் கூப்பிட்டிருப்பான்லா? நானும் வேற வேலையில மறந்துட்டேன்.

விஷயம் என்னன்னா சார், அந்தப் புதுப் பாகம் பொய்க் கூப்பாட்டை அதுவே முழுங்கிருது. நம்ம கைக்கு வர்றதே இல்ல. நம்ம கைக்கு முதல்ல வர்றது உண்மையான கூப்பாடு. அதை என் வரி தூக்கி எறிஞ்சிருது. புரியுதா? அந்த வரி தப்பே இல்ல. எழுதுன அன்னைக்குச் சரியான வரி. அது பாட்டுக்கு அது செய்ய வேண்டியதைச் செஞ்சது.

அன்னைக்கு மாசாந்திரப் பராமரிப்புன்னு காலையிலயே கரண்டை நிறுத்திட்டாக. பேட்டரி கொஞ்ச நேரம் ஓடுச்சு, அப்புறம் அதுவும் போச்சு. நான் மேலதான் இருந்தேன், ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனி கணக்குல கோளாறு, பேப்பர்ல எழுதிப் பாத்துக்கிட்டு இருந்தேன். மத்தியானம் கரண்ட் வந்துச்சு. கீழ உள்ள மிஷின் தானே எந்திரிச்சது, மேல உள்ளது தானே எந்திரிச்சுப் போய்ப் பேரு குடுத்தது. எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு சார். நான் வேலையைப் பாத்தேன்.

பசி எடுத்தப்புறம்தான் பாத்தேன், என்ன இன்னைக்குச் சாப்பாட்டுக்கே கூப்பிடலையேன்னு. கோவமாத்தான் இறங்குனேன், உள்ளதைச் சொல்லுதேன். அந்தா, அந்த நாற்காலியில உக்காந்திருந்தா. அதான் உங்களை அதுல உக்கார வேண்டாம்னேன். தலை சுவத்துல சாஞ்சிருந்தது. கை மௌஸ் மேல இருந்தது. ஸ்க்ரீன்ல "சொல்லியாச்சு"ன்னு இருந்தது.

ஆஸ்பத்திரியில, சீக்கிரம் கொண்டுவந்திருந்தாப் பாத்திருக்கலாம்னாரு டாக்டர். எல்லா டாக்டரும் அப்படித்தான் சார் சொல்லுவாக. அவுகளுக்கு என்ன.

எனக்கு அவமேல இருக்குறது ஒரே ஒரு வருத்தம்தான். ரெண்டு வருஷமாகப் போகுது, இன்னும் ஆறலை. யார்கிட்டயும் சொல்லவும் முடியலை. செத்துப்போனவளைப் பத்திக் குறை சொல்லுதான்னு பேசுவாக. ஆனா நீங்களே சொல்லுங்க. ஒரு தடவை அமுக்குனா. நான் வரலை. சரி. இன்னொரு தடவை அமுக்கியிருக்கலாம்லா? என் வரி முதல் கூப்பாட்டைத்தான் எறியும், ரெண்டாவது வந்திருந்தா மேல கணீர்னு கேட்டிருக்கும், நான் குதிச்சு ஓடியாந்திருப்பேன். ஒரே ஒரு தடவை, விரலை இன்னொரு தடவை அமுக்குறதுக்கு என்ன பிடிவாதம்? காலம் முழுக்க அந்தப் பிடிவாதம்தான். உயிர் போகுற நேரத்துலயுமா? ஒரு மனுஷி ரெண்டாவது தடவை…

என்ன சார்?

ஆமா. சொன்னேன். சாம்பல் கலராயிரும்னு சொன்னேன். ஓகே போட்டாத்தான்… ஆமா, மேல நான் ஓகே போட்டாத்தான்.

இருங்க சார். மோட்டாரைப் போட்டுட்டு வந்துட்டேன்னு நினைக்கேன், தொட்டி வழியும். இந்தா வந்துருதேன்.

மோட்டார் ஓடலை. நான் போடவே இல்ல போல.

என்ன பேசிக்கிட்டு இருந்தோம்? மாடி. ஆங், மாடியில வர்ற சத்தம். அதுதான் உங்களுக்கு முக்கியம். எல்லாம் முடிஞ்சு ஆட்கள் போனப்புறம், நான் போய் அந்தப் புதுப் பாகத்தைக் கழட்டி எறிஞ்சேன். பழசையே திரும்ப மாட்டுனேன். முதல் கூப்பாட்டை எறியுற வரியையும் அழிச்சேன். அப்படிப் பண்ணுனா என்ன ஆகும்? உங்களுக்கே இப்போ புரிஞ்சிருக்கும். கரண்ட் போயிட்டு வரும்போதெல்லாம், பேரு குடுத்ததும் அந்தப் பொய்க் கூப்பாடு வரும். வந்தா அவ குரல்ல "ஏங்க"ன்னு கேக்கும். பொய்தான். தெரியாமலா இருக்கேன்? நான் எழுதுனதுதான. ஆனாலும் கரண்ட் வந்த உடனே நான் படிக்குக் கீழ வந்து நின்னுக்கிடுவேன். அவ நின்ன அதே இடத்துல. "ஏங்க"ன்னு வரும். கேட்டுட்டு வந்து படுத்துருவேன். அது எனக்குப் போதும்.

இதுல என்ன தொந்தரவுன்னா சார், கொஞ்ச நாளா கரண்ட் போகாமயே வருது.

அதுக்கு விளக்கம் இருக்கணும். ஒயர் லூசா இருக்கலாம், எலி கடிச்சிருக்கலாம். இணைப்பு விட்டு விட்டுச் சேர்ந்தா அதுவும் புதுசாப் பேரு குடுத்த மாதிரிதான், அப்பவும் பொய்க் கூப்பாடு வரும். ஏறிப் போய்ப் பாத்தா எல்லா ஒயரும் கெட்டியா இருக்கு. இணைப்பு அறுந்ததா எங்கயும் இல்ல. அப்படின்னா அது பொய்க் கூப்பாடு கிடையாது. கீழ யாரோ அமுக்கியிருக்கணும். கீழ உள்ள மிஷினுக்கு நான் கரண்ட் குடுத்தே ரெண்டு வருஷமாகப் போகுது, ப்ளக்கு தரையில கிடக்கு பாருங்க.

எங்க அம்மா சொன்னபடி பாத்தா, பேய்தான் ஒரு தடவை கூப்பிடும். பதில் சொல்லப்படாது. ஆனா இவ உயிரோட இருக்கும்போதும் ஒரு தடவைதான் கூப்பிட்டா. நான் எப்படி சார் வித்தியாசம் கண்டுபிடிக்க? "என்ன செம்பகம்"னு ஒரு வார்த்தை கேக்கணும்னு தொண்டை வரைக்கும் வருது. கேட்டா, பேயா இருந்தா என்னைக் கூட்டிட்டுப் போயிரும்னு பயமா இருக்கு. கேக்காம இருந்தா, அவளா இருந்தா படிக்குக் கீழ நிக்கிற மாதிரி நின்னுக்கிட்டே இருப்பாளேன்னு இருக்கு. ராத்திரி பகல் அதே நினைப்புத்தான்.

அதான் சார், உள்ளதைச் சொல்லுதேன், எனக்கு வாடகை பெருசு இல்ல. மேல ஒரு ஆள் வேணும். நல்லது பொல்லாது தெரிஞ்ச ஆள். அந்தச் சத்தம் வந்தா, "ஆமா, எனக்கும் கேட்டுச்சு"ன்னோ, "இல்லையே, ஒண்ணும் கேக்கலையே"ன்னோ ஒருத்தர் எனக்குச் சொல்லணும். அவ்வளவுதான் நான் எதிர்பாக்குறது. மகள்கிட்டச் சொன்னா பயந்துருவா, இந்த நேரத்துல அவளைப் பயமுறுத்தக் கூடாது. தலைப்பிரசவம் அம்மா வீட்லதான் பாக்கணும், அம்மா இல்லையே. அஞ்சாறு வாரத்துக்கு முன்னால, "அங்க வந்து உங்ககூட இருக்கட்டுமாப்பா"ன்னு கேட்டா. யோசிச்சுச் சொல்லுதேன்னேன். அப்புறம் அவ அதைப் பத்திப் பேசவே இல்ல. அங்கனயே வசதியா இருக்கு போலன்னு நானும்…

கேட்டுச்சா சார்?

இப்போ. இப்போ வந்துச்சே. மேல. ஏங்கன்னு. ஃபேன் ஓடிக்கிட்டுத்தான இருக்கு, கரண்ட் போகலையே. உங்களுக்குக் கேக்கலையா? நெசமாக் கேக்கலையா? எனக்கு நல்லாக் கேட்டுச்சு சார். சிரிப்பை அடக்குன மாதிரியே இல்ல. இந்தத் தடவை வேற மாதிரி இருந்துச்சு.

என்னது? மகளா? இல்ல, அவ திரும்பக் கூப்பிடலை. நானும் காதை ஃபோன்லதான் வச்சுக்கிட்டு இருக்கேன். முக்கியம்னா கூப்பிட்டிருப்பா. கூப்பிடலைன்னா ஒண்ணுமில்லைன்னுதான அர்த்தம். அவளும் அவ அம்மா மாதிரிதான் சார், பிடிவாதம், ஒரு தடவைக்கு மேல…

சார்.

சார், அந்த ஃபோனை எடுங்க. அந்தா, அலமாரி மேல. கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாது, நீங்களே பாருங்க, மேலயே இருக்கும், முத்தரசின்னு இருக்கும். போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. அடிக்குதா?

அடிக்குது. எடுப்பா. வயித்தைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சு வரணும்லா, நேரமாகும். அடிக்குது பாருங்க, நல்லாத்தான் அடிக்குது. எடு தாயி. அப்பாதான் கூப்பிடுதேன். எடு.

நின்னுருச்சு.

எடுக்கலை சார். திரும்பப் போடுங்க. நீங்களே போடுங்க. ரெண்டாம் தடவை கூப்பிட்டா எடுத்துருவா. எடுத்துருவாள்லா சார்?